சீனி போடவா, வேண்டாமா: டச்சுக்காரருக்குக் குடிக்கக் கொடுக்கும்போது தேவைப்படும் சொற்கள்

ஜூலை, ஆகஸ்ட் பிறந்தால் எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியாப் பக்கம் நெதர்லாந்துக் குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்கும். அங்கே அப்போதுதான் பள்ளிக்கூட விடுமுறை. பெரியவர்கள் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள். அப்படியிருக்க டச்சு எதற்கு என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது, தாகம் மட்டும் வரும். பெரியவர்களும் என்ன குடிப்பது என்று தங்களுக்குள் பேசி முடிவெடுப்பது டச்சில்தான். அது காதில் பிடிபட்டால், அவர்கள் நம் பக்கம் திரும்பும் முன்பே சீனிப் போத்தலை மேசையில் வைக்கலாம், அல்லது வைக்காமல் விடலாம். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், தேயிலைத் தொழிற்சாலையில் சுற்றிக் காட்டுகிறவர்கள், ஓட்டோ ஓட்டிக்கொண்டே நல்ல கடை காட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது உதவும். கலியாணம் எழுதிவிட்டு நெதர்லாந்து போகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பானங்களின் பெயரைப் பட்டியலாகப் போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை. வாத்தர், தே, கொஃபி, பீர், கோலா: இவை எல்லாம் ஏற்கெனவே தெரிந்த சொற்கள். 'கொஃபி' நம்மூர்க் கோப்பிக்குப் பக்கத்தில் நிற்கிறது. 'தே' தேயிலைக்குள்ளேயே இருக்கிறது. ஆள் தடுமாறுவது இந்தப் பெயர்களைச் சுற்றி வரும் சின்னச் சொற்களில். 'ஓடு' என்பதற்கும் 'இல்லாமல்' என்பதற்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், சீனி வேண்டாம் என்றவருக்கு இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி போய்ச் சேரும். இன்னொன்று, கேட்பதற்குப் பழகியது போல இருந்து ஆளை ஏமாற்றும் ஏழெட்டுப் பெயர்கள். இந்த இரண்டையும் பிடித்தால் போதும்.

முதலில் வாய்

தமிழில் எழுதிப் படிக்கும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். இந்தப் பதிவில் 'த' என்று வருவதைத் தண்ணியில் வரும் 'த' போலச் சொல்லுங்கள். 'ட' என்று வருவது டொலரில் வரும் 'ட'. 'ஃக' என்பது தொண்டையில் உரசி வரும் ஒலி. இதற்குத்தான் மற்ற நாட்டார் எல்லாம் திண்டாடுகிறார்கள். நமக்குப் பாதி வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. மகன், பகல் என்று சொல்லும்போது நடுவில் வரும் 'க' என்ன ஆகிறது என்று கவனியுங்கள். அது 'க்' ஆக அடைபடுவதில்லை, காற்றாக உரசிக்கொண்டு போகிறது. அதே ஒலியை இன்னும் கொஞ்சம் அழுத்தி, சொல்லின் தொடக்கத்திலும் கடைசியிலும் வைத்தால் டச்சு 'ஃக' வந்துவிடும். ஃக்லஸ் என்றால் கிளாஸ். ஃக்ராஃக் என்றால் 'விருப்பத்தோடு', அதாவது 'ஓம், தாங்க'.

டச்சு 'வ' நம் 'வ' தான். பல்லும் உதடும் லேசாகத் தொடுவது. ஆங்கிலத்துக்காக உதட்டைக் குவித்துப் பழகியவர்கள் அதை இங்கே மறந்துவிடலாம். 'வாத்தர்' என்று நாட்டுப்புறமாகச் சொன்னால் அதுவே சரியான டச்சு.

வைன் என்ற சொல்லை அவர்கள் 'வெய்ன்' என்பார்கள். வெய்யிலில் வரும் 'வெய்'. ஐ, ஜே என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து நின்றால் 'எய்' என்று வாசிக்க வேண்டும். ஐஸ் என்பதும் அப்படித்தான், 'எய்ஸ்'. சீனிக்கான சொல்லை ஸொய்க்கர் என்று எழுதுகிறேன், ஆனால் அது முழுச் சரியில்லை. 'ஸெய்' என்று சொல்லத் தொடங்கி, உதட்டை மட்டும் வட்டமாக வைத்துக்கொண்டால் சரியான ஒலி விழும். மரியாதையாக 'நீங்கள்' என்பதற்கு உள்ள சொல்லை 'யூ' என்று எழுதியிருக்கிறேன். இதிலும் உண்மையில் 'ய' கிடையாது. வாய்க்குள் 'ஈ' சொல்லிக்கொண்டு, உதட்டை 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பழகினால் சீக்கிரம் படியும்.

'ஃஸ' என்று எழுதுவது தேனீ ரீங்காரம் போல அதிரும் ஸ். ஃஸொன்டர் என்றால் 'இல்லாமல்', ஃஸூத் என்றால் இனிப்பு. இதை வெறும் ஸ் ஆகச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். ஆம்ஸ்டர்டாம்காரர் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நம் நாக்கு செய்கிற இரண்டு குறும்பு உண்டு. ஸ் இல் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு 'இ' ஒட்டிக்கொள்ளும்: இஸ்கூல் என்பது போல 'இஸ்தெர்க்'. ஸ்ஸ்ஸ் என்று நீட்டிவிட்டு, இடைவெளி விடாமல் 'தெர்க்' என்று முடித்தால் அது போய்விடும். மற்றது, மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் 'உ' சேர்வது: ஃக்லஸு, மெல்க்கு. இதில் மெல்க் மட்டும் ஒரு சலுகை தருகிறது. டச்சுக்காரரில் நிறையப் பேர் அதை 'மெலக்' என்றுதான் சொல்கிறார்கள், ல்-க் இடையில் சின்ன உயிர் நுழைகிறது. ஆகவே நடுவில் சேர்த்தால் குற்றமில்லை, கடைசியில்தான் சேர்க்கக்கூடாது.

பீர் சொல்லும்போது 'ப' நன்றாக அதிர வேண்டும், பஸ்ஸில் வரும் 'ப' போல. பல்லி, பருப்பு என்பதில் வரும் 'ப' விழுந்தால் டச்சில் அது மண்புழு. ஸ்ட்ரோ கேட்டால் 'ரீத்யெ'. அந்த 'ஈ' தளர்ந்து 'ஏ' ஆகிவிட்டால் பின்பக்கத்தைச் சொல்லும் கொச்சைச் சொல்லாகிவிடும். பிள்ளைகள் கெக்கலி கொட்டுவார்கள், தாய்மார் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஐந்து சின்னச் சொற்கள்

மெத் என்றால் ஓடு, சேர்த்து. ஃஸொன்டர் என்றால் இல்லாமல். ஒஃப் என்றால் அல்லது. நொஃக் என்றால் இன்னும். ஃகேன் என்றால் எதுவும் இல்லை. இந்த ஐந்தும் கையில் இருந்தால் மேசையில் முக்கால்வாசி வேலை முடிந்தது.

"வத் வில்த் யூ டிரிங்க்கெ?" என்று தொடங்குங்கள். என்ன குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். எழுத்தில் டிரிங்க்கென் என்று ன் உடன் முடியும், பேச்சில் பெரும்பாலும் அந்த ன் விழுங்கப்படும். பதில் இப்படி வரலாம்: "ஃபோர் மெய் அன் தே, ஃஸொன்டர் மெல்க். என் ஃபோர் டெ கின்டரெ லிமோனாடெ." எனக்கு ஒரு தேத்தண்ணி, பால் இல்லாமல், பிள்ளைகளுக்கு லிமோனாடெ. இதில் காது பிடிக்க வேண்டியது 'தே' அல்ல, அதற்கு அடுத்து வரும் சொல். தே என்று கேட்டவுடன் குசினிக்கு ஓடினால் ஃஸொன்டர் காதில் விழாது.

சீனிக்குக் கேட்பது: "மெத் ஒஃப் ஃஸொன்டர் ஸொய்க்கர்?" இன்னொரு கோப்பை வேண்டுமா என்பதற்கு "நொஃக் அன் தே?" போதும். அதற்கு 'ஃக்ராஃக்' என்று வந்தாலும் 'லெக்கர்' என்று வந்தாலும் ஊற்றலாம். லெக்கர் என்றால் ருசி. அந்த இடத்தில் அது சம்மதம். வேண்டாம் என்றால் "நே, டங்க் யூ" என்பார்கள். நே என்பது நம் 'நேரம்' தொடங்குகிற மாதிரி இருந்தாலும் இல்லை என்பதுதான். தலையாட்டலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாம் ஓம் என்று பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு வேண்டாம் என்பது போல இருக்கும், ஆகவே நீங்கள் பதில் சொல்லும்போதும் வாயால் 'யா' என்று சொல்லிவிடுங்கள்.

கோப்பையைக் கொண்டு போய் வைக்கும்போது 'அல்ஸ்த்யூப்லீஃப்த்'. தயவுசெய்து என்பதற்கும் இந்தாங்க என்பதற்கும் ஒரே சொல். நீளமாக இருக்கிறது என்று பயப்பட வேண்டாம், கடைசியில் வரும் 'ப்லீஃப்த்' தெளிவாக விழுந்தால் முன்பாதி மங்கினாலும் பரவாயில்லை. சூடாக இருந்தால் "பஸ் ஒப், ஹேத்!" கவனம், கொதிக்குது. ஹேத் என்பது வாய் வேகும் சூடு. வர்ம் என்பது குடிக்கக்கூடிய சூடு. கவுத் என்பது குளிர். தோட்டத்துக் கோப்பையில் நாம் குடிக்கும் சூடு அவர்களுக்கு ஹேத் தான். பிள்ளைகள் இருக்கும் மேசையில் இந்தச் சொல் விருந்தோம்பலை விட அவசரமானது.

தே

இங்கேதான் நம் அறிவு நமக்கே எதிரியாகிறது. தேத்தண்ணி என்றால் நமக்குச் சாயம் இறங்கி, பால்மா கரைந்து, சீனி தூக்கலாக, இழுத்து ஆற்றியது. நெதர்லாந்தில் தே என்றால் பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் கிளாஸில் சுடுதண்ணி, பக்கத்தில் ஒரு தேஃஸக்யெ, அதாவது டீ பேக். பால் ஊற்றுகிறவர் குறைவு. தே என்று மட்டும் சொன்னால் பிளேன்டீ என்று எடுத்துக்கொள்ளுங்கள், பாலும் சீனியும் தனியாகத் தட்டில் போகட்டும். நம் பால் தேத்தண்ணியைக் காட்ட வேண்டும் என்று ஆசை இருந்தால், "தே மெத் மெல்க் என் ஸொய்க்கர்" என்று சொல்லிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பலர் விரும்பிக் குடிப்பார்கள், ஆனால் கேட்காமல் வரக்கூடாது.

சாயத்துக்கு இரண்டு சொல்: ஸ்தெர்க் கடுப்பம், ஸ்லப் இலேசு. 'ஸ்லப்' என்று கேட்டால், 200 மில்லிலீற்றர் தண்ணிக்கு ஒரு தட்டைத் தேக்கரண்டி பி.ஓ.பி. (உடைந்த இலைத் தேயிலை), ஏறக்குறைய 2 கிராம், இரண்டு மூன்று நிமிடம். டஸ்ட் தூளாக இருந்தால் அதில் பாதி போதும், ஒரு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். துகள் சின்னதாக இருக்க இருக்கச் சாயம் வேகமாக இறங்கும். தண்ணி நுவரெலியாவில் 1868 மீற்றர் உயரத்தில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அவர்கள் நாடு கடல் மட்டத்தில், கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழேயே கிடக்கிறது, அங்கே 100 பாகையில் கொதிக்கும். அவர்கள் கொண்டுவரும் டீ பேக் இங்கே கொஞ்சம் மெதுவாக இறங்குவதற்கு அதுதான் காரணம். அடுப்பிலிருந்து எடுத்த தண்ணியையே ஊற்றுங்கள், பிளாஸ்க்கில் கிடந்த சுடுதண்ணி இன்னும் ஆறியிருக்கும்.

இஞ்சித் தேத்தண்ணி ஃகெம்பர்தே. புதினா இலையைக் கொத்தாகக் கிளாஸில் போட்டுச் சுடுதண்ணி ஊற்றினால் முந்த்தே. அங்கே கடைகளில் இது மிகவும் பிரபலம், தேனோடு வரும், தேயிலைத் தூளே இருக்காது. நம் வீட்டு வாசலில் புதினா முளைத்துக் கிடந்தால் செலவில்லாத பானம் அது. மூலிகைத் தேநீர் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் க்ரொய்டெதே. பெலிமல், ஆவாரம்பூ என்று நம்மூர்ப் பூக்களைக் காய்ச்சிக் கொடுப்பதும் இதற்குள் அடங்கும். சொற்கள் சேரும் முறையைக் கவனித்தீர்களா? இஞ்சி-தேத்தண்ணி, ஃகெம்பர்-தே. எது என்பது முன்னால், என்ன பொருள் என்பது கடைசியில். தமிழ்த் தொகை போலவேதான் டச்சுத் தொகையும், அதனால் புதுச் சொல்லை உடைத்துப் பார்க்க நமக்குச் சிரமமில்லை.

தொழிற்சாலைக் கடையில் நிற்பவர்களுக்கு ஒரே கேள்வி போதும்: "லொஸ்ஸெ தே ஒஃப் தேஃஸக்யெஸ்?" தூளா, பேக்கா. கொழுந்து வாட்டுவது ஃபர்வெல்க்கெ, உருட்டுவது ரொல்லெ, புளிக்க விடுவது ஃபெர்மென்தேரெ, உலர்த்துவது ட்ரோஃகெ, தரம் பிரிப்பது ஸொர்தேரெ. இயந்திரத்தைக் காட்டிக்கொண்டே இந்த ஐந்தையும் சொன்னால் மிச்சத்தை அவர்களே விளங்கிக்கொள்வார்கள். ஒரேஞ்ச் பெக்கோ என்ற தேயிலைத் தரத்தில் தோடம்பழம் இருக்கிறதா என்று கேட்பார்கள். "நே, ஃகேன் ஸீனாஸ்அப்பல்" என்று சொல்லிவிடுங்கள்.

கோப்பியும் பாலும்

கறுப்புக் கோப்பி ஃஸ்வர்தெ கொஃபி. 'கொஃபி ஃபர்கேர்த்' என்று ஒன்று கேட்பார்கள். ஃபர்கேர்த் என்றால் பிழையானது, ஆனால் உங்கள் கோப்பியில் பிழை சொல்லவில்லை. கோப்பி பாதி, சுட்ட பால் பாதி என்ற பானத்தின் பெயர் அது.

கொஃபிமெல்க் என்பது கெட்டியாகக் காய்ச்சி வற்றவைத்த பால், சீனி சேர்க்காதது. நம் டின்பாலை அதற்குப் பதிலாகக் கொடுத்தால் இனித்து வழியும். இன்னொரு சங்கடம், நம் வீடுகளில் பால் என்றால் பால்மா. அதற்கு மெல்க்பூடர் என்று பெயர். மெத் மெல்க் என்று கேட்பவர் எதிர்பார்ப்பது திரவப் பால். மாவைக் கரைத்துத் தருவதாக இருந்தால் சொல்லிவிடுவது நல்லது. மாட்டுப்பால் குடிக்காதவர் 'ஹாவர்மெல்க்' கேட்பார், ஓட்ஸிலிருந்து எடுத்தது. அது நம் கடைகளில் எல்லா இடத்திலும் கிடைக்காது. கொகோஸ்மெல்க் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்; அது தேங்காய்ப்பால். இளநீரைக் கொகோஸ்மெல்க் என்று சொல்லிவிடாதீர்கள், இளநீர் கொகோஸ்வாத்தர். எல்லச் சந்தியில் செவ்விளநீர் விற்கிறவர்கள் இந்த ஒரு சொல்லை மாற்றினாலே குழப்பம் தீரும்.

மாலைக் குளிருக்குப் பிள்ளைகள் கேட்பது 'வர்மெ ஷோகொலாடெமெல்க்'. சூடான சொக்லேட் பால்.

தண்ணி

நெதர்லாந்தில் குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம். அதற்கு க்ரான்வாத்தர் என்று பெயர். இங்கே அதே சொல்லைக் கேள்வியாகக் கேட்பார்கள்: "இஸ் டித் க்ரான்வாத்தர்?" இது குழாய்த் தண்ணியா? கேட்கும் தொனி பயத்தின் தொனி. போத்தல் தண்ணி என்றால் "நே, ஒய்த் அன் ஃப்லெஸ்". கொதிக்க வைத்தது என்றால் "ஹெத் வாத்தர் இஸ் ஃகெகோக்த்".

ஊற்றுத் தண்ணி ப்ரொன்வாத்தர். பீலித் தண்ணியைப் பெருமையாக இந்தச் சொல்லால் சொல்லத் தோன்றும். சொல் சரி, ஆனால் அவர்களுக்கு ப்ரொன்வாத்தர் என்றால் அடைத்துச் சீல் வைத்த போத்தல். நம்பி மடமடவென்று குடித்துவிடுவார்கள், மறுநாள் ரயிலில் பதுளை வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பீலித் தண்ணியை நன்றாகக் குமிழ் விட்டுக் கொதித்தபின் குறைந்தது ஒரு நிமிடம் விட வேண்டும். 2000 மீற்றருக்கு மேல், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம், மூன்று நிமிடம். ஐஸ் கட்டியும் இதே கதைதான். "மெத் ஒஃப் ஃஸொன்டர் எய்ஸ்?" என்று கேட்காமல் ஐஸ் போடாதீர்கள்.

காஸ் உள்ள தண்ணி வேண்டுமென்றால் 'மெத் ப்ரிக்', காஸ் இல்லாமல் 'ஃஸொன்டர் ப்ரிக்'. ஊசி போடுவதும் ப்ரிக் தான், பிள்ளைகளிடம் விளையாட்டுக்கு ஆகும். 'ஸ்பா ரோத்', 'ஸ்பா ப்லவ்' என்று சிலர் கேட்பார்கள். ஸ்பா பெல்ஜியத்துத் தண்ணிப் போத்தல் ஒன்றின் பெயர். சிவப்பு காஸ் உள்ளது, நீலம் இல்லாதது. அதே போத்தல் வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டார்கள், வகையைத்தான் சொல்கிறார்கள்.

ஏமாற்றும் ஜூஸ்கள்

லிமோனாடெ என்றவுடன் தேசிக்காய் பிழியப் போகிறோம். அவர்கள் பிள்ளைக்குக் கேட்டது பழச் சிரப்பில் தண்ணி கலந்த இனிப்புப் பானம். அதில் தேசிக்காய் இருக்க வேண்டுமென்ற கட்டாயமே இல்லை. நெல்லி கோர்டியல் போன்றதைக் கலந்து கொடுத்தால் பிள்ளைக்குச் சந்தோஷம். நம் தேசிக்காய் ஜூஸைச் சொல்ல 'லிமூன்ஸப் மெத் வாத்தர் என் ஸொய்க்கர்'. லிமூன் தேசிக்காய், ஸித்ரூன் பெரிய மஞ்சள் எலுமிச்சை. உப்புப் போடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள், உப்பு ஃஸவுத். எதிர்பாராத உப்பு முகத்தைச் சுளிக்க வைக்கும்.

ஸீனாஸ்அப்பல்ஸப் பிழிந்த தோடம்பழச் சாறு. ஸீனஸ் காஸ் அடைத்த ஒரேஞ்ச் சோடா. பாதிச் சொல் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாறிப் போகும். 'ஃபெர்ஸெ ஷூ' என்று கேட்டாலும் புதிதாகப் பிழிந்த தோடம்பழச் சாறுதான், அது பிரெஞ்சிலிருந்து ஒட்டிக்கொண்டது. அப்பல்ஸப் அப்பிள் சாறு. அனனஸ், மங்கோ, பபாயா எல்லாம் சொல்லாமலே விளங்கும்.

ஜிஞ்சர் பியரை ஃகெம்பர்பீர் என்று மொழிபெயர்த்தால் பிள்ளைக்கு வாங்க வந்த தாய் தயங்குவாள். 'ஃஸொன்டர் அல்கொஹொல்' என்று உடனே சேர்த்துவிடுங்கள்.

சின்னதாக்குவது, டெ, ஹெத்

டச்சுக்காரர் எல்லாவற்றையும் சின்னதாக்குவார்கள். கொப் (கோப்பை) கொப்யெ ஆகும், பீர் பீர்த்யெ ஆகும், ஃக்லஸ் ஃக்லாஷெ ஆகும், ஃப்லெஸ் ஃப்லெஷெ ஆகும். சின்னக் கிளாஸில் கொடு என்று அர்த்தமில்லை. பிரியமாக, சாவகாசமாகச் சொல்வது அது. பீர்த்யெ கேட்டவருக்கு அரைப் போத்தல் கொண்டு போகாதீர்கள்.

ஆங்கிலத்தில் the வருகிற இடத்தில், பெயருக்கு முன்னால் டெ வருமா ஹெத் வருமா என்பது படிக்கிற பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும். பானங்களில் ஹெத் வாங்குகிறவை கொஞ்சம்: வாத்தர், பீர், ஸப், ஃக்லஸ், எய்ஸ். சின்னதாக்கிய சொல் எதுவானாலும் ஹெத். தொகைச் சொல்லில் கடைசிப் பாதிதான் முடிவு செய்யும்; ஸப் ஹெத் ஆகவே அப்பல்ஸப்பும் ஹெத். மற்றவை, தே, கொஃபி, மெல்க், வெய்ன், ஸொய்க்கர், ஃப்லெஸ் எல்லாம் டெ. மேசையில் பரிமாறுவதற்கு இது தேவையே இல்லை. தப்பாகச் சொன்னாலும் தண்ணி தண்ணிதான்.

எண்ணிக்கைக்கு: ஏன், த்வே, ட்ரீ, ஃபீர், ஃபெய்ஃப். ஓடர் சொல்லும்போது 'த்வே தே', 'ட்ரீ கொஃபி' என்று பன்மை இல்லாமலே சொல்வார்கள். 'ஃபீர் பீர்' என்பது நாலு பியர். ஃப-வும் ப-வும் பிரிந்து கேட்கிறதா என்று இதை வைத்தே பழகலாம்.

பியர், வெய்ன் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ரோடெ வெய்ன் சிவப்பு, வித்தெ வெய்ன் வெள்ளை, கள்ளு பல்ம்வெய்ன், கிளாஸைத் தூக்கும்போது ப்ரோஸ்த். தெரிந்திருக்க வேண்டியது மறுக்கும் வசனம். பௌர்ணமி நாளில் "ஃபன்டாஃக் இஸ் ஹெத் போயா, ஃகேன் அல்கொஹொல்". அவர்கள் நாட்டில் 18 வயதில் வாங்கலாம், இங்கே சட்டப்படி 21. பத்தொன்பது வயதுப் பிள்ளை பெற்றோர் பக்கத்திலேயே இருந்து கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு

துணையோடு சேர நெதர்லாந்து போகிறவர்களுக்கு 2006 முதல் அந்நாட்டு அரசு வெளிநாட்டிலேயே ஒரு அடிப்படைப் பரீட்சை வைக்கிறது. பேச்சு, வாசிப்பு, அந்நாட்டுச் சமூகம் பற்றிய அறிவு என்று மூன்று பகுதி. மொழிப் பகுதி ஏ1 மட்டம், அதாவது ஆகத் தொடக்க மட்டம். பானச் சொற்களை வைத்துக்கொண்டு வசன ஒழுங்கைப் பழகுவது இதற்கு நல்ல வழி, சொல் தெரிந்ததாக இருப்பதால் மனம் ஒழுங்கில் நிற்கும்.

தமிழர் வழக்கமாக விடும் பிழை வினையைக் கடைசியில் வைப்பது: "இக் தே டிரிங்க்". டச்சில் தனி வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும். "இக் டிரிங்க் தே." காலையில் என்று முன்னால் போட்டாலும் வினை இரண்டாம் இடத்தை விடாது, எழுவாய்தான் பின்னால் நகரும்: "ஸொஃக்தன்ஸ் டிரிங்க் இக் தே." ஆனால் விரும்பு, முடியும் போன்ற துணைவினை வந்தால் நம் பழக்கம் கைகொடுக்கும். "இக் வில் தே டிரிங்க்கெ." குடிக்க என்பது கடைசிக்குப் போய்விட்டது, தமிழில் போல. இந்த மூன்று வசனத்திலும் தேயை எடுத்துவிட்டுக் கொஃபி, வாத்தர், அப்பல்ஸப் என்று மாற்றி மாற்றிச் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு மெத், ஃஸொன்டர் சேர்த்து நீட்டுங்கள்: "இக் வில் தே ஃஸொன்டர் ஸொய்க்கர் டிரிங்க்கெ."

தமிழெழுத்தில் எழுதிப் படிப்பதை முதல் சில நாட்களோடு நிறுத்துங்கள். நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான், பியருக்கும் மண்புழுவுக்கும் வேறுபாடு காட்டாது. சீனிப் போத்தல், பால்மா டின், தேயிலை டப்பா, பிளாஸ்க் எல்லாவற்றிலும் டச்சு எழுத்திலேயே பெயரை டெ, ஹெத் உடன் ஒட்டிவிடுங்கள். தேத்தண்ணி போடும் ஒவ்வொரு முறையும் கை படும், வாய் சொல்லும்.

அங்கே போய் முதல் வாரம் கடையில் பால் வாங்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். கார்னெமெல்க் என்ற பெயரில் மெல்க் இருப்பதைப் பார்த்து எடுத்து வந்தால் அது மோர். நம் மோரை விடக் கெட்டி, உப்பும் இஞ்சியும் இல்லாதது. தேத்தண்ணியில் ஊற்றினால் புளிப்பில் திரிந்து போகும். ஃபொல்லெ மெல்க் முழுக் கொழுப்பு, மாஃகெரெ மெல்க் கொழுப்பு நீக்கியது, ஹல்ஃபொல்லெ இரண்டுக்கும் நடுவே, எல்லோரும் வாங்குவது. பால் தேத்தண்ணிக்கு ஃபொல்லெ மெல்க்கை எடுங்கள். ஹல்ஃபொல்லெ ஊற்றினால் நிறம் வரும், நம்மூர்ப் பால்மா தரும் கெட்டி வராது.